ஒன்றாம் தேதி

ஒன்றாம் தேதி காலையில்
போன் முப்பத்தேழு முறை சிணுங்கும்.
ஐம்பத்தொன்பது ரூபாய், ஐம்பத்தொன்பது ரூபாய் என்று
யார் யாரோ.
இரண்டு மாதமாக ஒரு கதையும் பேசவில்லை நான்.
தொண்டைக் கட்டு, பிறகு மழை, பிறகு
சும்மா.

நேற்றிரவு ஆரப்பாளையத்தில்
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப்
பரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன்.
கல்லுக்குப் பக்கத்தில்
மாவு அப்பிய போனில் என் குரல்:
கிணற்றில் விழுந்த சாவியின் கதை,
சித்திரையில் பேசியது.

"புதுசு போடலையாண்ணே அந்தாளு?"
சால்னா வாளியோடு பையன்.
மாஸ்டர் மாவை வீசியபடி,
"என்ன கஷ்டமோ அவருக்கு.
காசு கட்டியிருக்கேன்ல, இதையே கேக்குறேன்.
நாலாந் தடவைதான்டா
அந்த இருமலே காதுல விழுகுது."

இருமியது உண்மை.
வெட்டாமல் விட்டது சோம்பலில்.

முட்டை போடவா என்றார்.
வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.
தலையை ஆட்டினேன்.
சால்னாவுக்கு விரலால் காட்டினேன்.
ஊமை என்று நினைத்தாரோ என்னவோ,
மூன்று தின்றதில்
ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை.

நடந்தே வீடு வந்து
ஃபேனை நிறுத்திவிட்டு
மைக் முன்னால் உட்கார்ந்தேன்.
முதலில் வந்தது
வேர்வைதான்.