விசேஷமில்லை

ஐந்தரைக்கு எழுந்ததும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவேன்.
கறுப்புப் பொடி விழும், எப்போதும்.
எரிமலை கக்கிய கல்லின்மேல் நிற்கிற ஊர் இந்தக் கோமா.
சாலை, சுவர், கழிப்பறை, கல்லறை
எல்லாம் அதே வெந்த கல்.

கார்ப்பரல் எச்செவெரியின் போர்முனை ஏரிக்கரையில்:
ஒரு பம்ப், நான்கு வடிகட்டிகள்,
வயிறு ஊதிய ரப்பர் தொட்டிகள் இரண்டு.
துப்பாக்கியும் உண்டு.
லெப்டினன்ட் பார்க்காதவரை
அதன்மேல் துவாலை காயும்.

தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கி,
எங்கள் ஊர்க்காரர்கள் எங்கும் செய்வதுபோல,
மாத்தே உறிஞ்சிக்கொண்டே வேலை.
மணிக்கொரு முறை குப்பியில் தண்ணீர் பிடித்து
மாத்திரை போட்டுக் குலுக்க வேண்டும்.
இளஞ்சிவப்பானால் குளோரின் சரி.
வெளுத்தே கிடந்தால் எனக்குத் திட்டு.

எட்டு மணிக்கு மஞ்சள் கேன்களின் வரிசை.
முஹிந்தோ தன் மரவண்டியில் பதினொன்று கட்டி வருவான்;
அந்த வண்டிக்குப் பிரேக் அவன் செருப்புதான்.
கவீராவுக்கு ஒரே கேன்,
நெற்றிப் பட்டையில் முதுகோடு தொங்கும்.
"அந்த ரோஸ் தண்ணி யாருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.
யாருக்கும் இல்லை, கீழே கொட்டிவிடுவோம் என்றேன்.
மொழிபெயர்த்தவருக்கே கூச்சமாகிவிட்டது.
மறுநாளிலிருந்து கொட்டுவது அவள் வேலை.
தன் காலில் ஊற்றிக்கொள்கிறாள்,
ஒருநாள் இடது, ஒருநாள் வலது.

மாலையில் பதிவேடு.
லிட்டர்: நாற்பத்திரண்டாயிரம். குளோரின்: சரி.
சாக்கே பக்கம் ராத்திரி கேட்ட வெடிச்சத்தம்
வேறொருவரின் பக்கத்தில் வரும்.
என் கடைசிக் கட்டத்தில்: விசேஷமில்லை.
நூற்று அறுபத்து மூன்று நாளாக
விசேஷமில்லை.

ஞாயிறு. இங்கே எட்டு, மோந்தேவிதேயோவில் மூன்று.
ரூபென் ஒரு மடக்கு உறிஞ்சி முகம் சுளித்தான்.
மழையே இல்லையாம். அணை தரைதட்டிவிட்டதாம்.
கழிமுகத்துத் தண்ணீரைக் கலந்து விடுகிறார்களாம் குழாயில்.
"கசக்க வேண்டிய மாத்தே கரிக்குது."
பையனுக்குக் குளித்தால் அரிக்கிறது.
கடையில் புட்டித்தண்ணீர் தீர்ந்துபோயிற்று.
பாஸ்தாவுக்கு உப்பே போடுவதில்லை
என்று சிரித்தான், பிறகு
"நீ அங்க யார் யாருக்கோ..." என்று ஆரம்பித்தான்.
படம் உறைந்ததா அவனே நிறுத்தினானா தெரியவில்லை.
வாய் திறந்தபடி நான்கு நொடி.

என் கையிலும் மாத்தே இருந்தது.
மேசைக்கடியில் இறக்கி வைத்தேன்.

உப்பைப் பிரிக்கிற சவ்வு இரண்டு
கன்டெய்னரின் கோடியில், பெட்டி பிரிக்காமல்.
இந்த ஏரிக்குத் தேவைப்படவில்லை.
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்.
முத்திரை அப்படியே இருந்தது,
ஏற்றி அனுப்பிய துறைமுகத்தின் பெயர்கூட:
எங்கள் வீட்டு மாடியிலிருந்து அதன் கிரேன்கள் தெரியும்.
தூசியைத் துடைத்தேன். வேறென்ன செய்ய?
பூட்டிவிட்டு வந்தேன்.

காலையில் மூன்றாவது வடிகட்டி அடைத்துக்கொண்டது.
வரிசை முணுமுணுத்தது.
முஹிந்தோ ஸ்பேனரைப் பிடித்துக் கொடுத்தான், தப்பான அளவு.
கவீரா குப்பிக்காகக் கை நீட்டி நின்றாள்,
வலது காலை
முன்னால் வைத்து.