வேலிக்கு ஓணான்

தோட்டச் சங்கத்தின் விதிப் புத்தகத்துக்கு
ஓரச் சித்திரம் வேண்டுமாம்.
லைப்ஸிக்கில் மார்ச், மண் இன்னும் இறுகிக் கிடக்கிறது.
நாற்பத்தொன்றாம் பாத்திக்காரி நான்,
கணினி தெரியும் என்பதால் என் தலையில்.

இலையொன்று ஆறு மில்லிமீட்டர்.
முப்பது இலை போக நாலு மில்லிமீட்டர் மிச்சம்.
கொடிக்கு மூலையில் திரும்பத் தெரியவில்லை.
ஒவ்வோர் இலையையும் மயிரிழை இழுத்தேன்.
இரவு ஒன்றரைக்கு முட்டியது.

காலையில் திருமதி க்ரும்பீகல், கையில் அளவுகோல்.
துளையிடும் பக்கம் வெறுமையாக வேண்டும்,
இல்லையேல் கோப்பில் மாட்டும்போது
இலையெல்லாம் ஓட்டை.
சரி, விட்டேன்.
வேலி உள்ளே நகர்ந்தது, எழுத்து நெருங்கியது,
ஏழாம் விதியின் கடைசி வரி
(வேலி ஒன்றேகால் மீட்டரைத் தாண்டக் கூடாது)
பக்கத்தை விட்டே விழுந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
மேய்க்க இங்கே அனுமதி இல்லை, பார் ஒன்பதாம் விதி,
என்றார்.

எழுத்தை அரைப் புள்ளி குறைத்து
விழுந்த வரியைத் தூக்கி உட்கார வைத்தேன்.
கணக்கு மறுபடி பிசகி
கீழ் மூலையில் ஓர் இடைவெளி.
இம்முறை இழுக்கவில்லை.
அதில் ஓர் ஓணானை வரைந்தேன்,
எவர் கண்ணிலும் படாத அளவில்.

ஏப்ரல் கூட்டம். பன்னிரண்டு பேர்.
விதி ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க
தலைகள் மேலும் கீழும் ஆடின.
மூலையில் இருந்தவன் மட்டும்
ஆட்டவேயில்லை.