ஈரத்துக்குக் கழிவு

ஆடி பதினெட்டு வரை
ரேஷன் கடைக்கு அவரேதான் போய்வந்தார்.
புரட்டாசி பிறப்பதற்குள்
சட்டைக் கைக்குள் காலை விடும் ஆளாகிவிட்டார்.

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குக்
காது அடைத்து அடைத்துத் திறக்க இறங்கிப் போனோம்.
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் சொன்னார்:
இது சரிவு இல்லைம்மா, படிக்கட்டு.
கொஞ்ச நாள் ஒரே படியில் நிற்பார்,
அப்புறம் சட்டென்று அடுத்தது.
எத்தனை படி என்று கேட்க வாயெடுத்தேன்.
ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எண்பத்திரண்டு.
அந்தக் கணக்கு முந்திக்கொண்டு வந்து நின்றதால்
கேட்கவில்லை.

மறுவாரம், விடியுமுன், பனியில்
நாற்பதாவது படியில் உட்கார்ந்திருந்தவரைப்
பால்காரர் சுல்தான் கூட்டிவந்தார்.
அன்றைக்கே கதவுக்கு மேலே ஒரு கொக்கி அடித்தேன்.

எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் இலை எடை போட்டவர்.
மழை நாளென்றால் கூடைக்கு இவ்வளவு என்று
ஈரத்துக்குக் கழிப்பார்.
கூடப்பிறந்த அத்தைக்கும் கழித்தார்.
அம்மா சாவுக்கு அத்தை வராததற்கு
அந்த இரண்டு கிலோவும் ஒரு காரணம்.

திருப்பூரிலிருந்து தம்பி போன் போட்டால்
சாப்பிட்டியா, அங்க மழையா, சம்பளம் வந்துச்சா
மூன்று கேள்வியும் சுத்தமாய் வரும்.
நல்லாத்தானேக்கா பேசுறாரு என்பான்.
வைத்த பிறகு என்னிடம் கேட்பார்:
யாரு, மேஸ்திரியா?

நான் தட்டோடு எதிரில் போனால்
"நம்பர் என்ன?"
முதல் நாள் வசந்தராணி என்றேன்.
மூன்றாம் நாள் அதையே அழுதுகொண்டு சொன்னேன்.
பத்தாம் நாள், இட்லி ஆறுகிறதே என்று
அம்மாவின் நம்பரைச் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு.
"அவ இன்னிக்கு லீவு" என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று மழை.
கொடியில் கிடந்ததை வாரிக்கொண்டு
தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்தேன்.
இரண்டு பக்கமும் பார்த்தார்.
நான் பிறந்து கேட்டறியாத குரலில், மெதுவாக,
"நாப்பத்தேழு, உனக்குக் கழிக்கலை. போ."

யார் நாற்பத்தேழு?
பேரேட்டைப் புரட்டலாமென்றால்
எஸ்டேட் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது காட்டேஜ்.
தெரிந்திருக்கக்கூடிய அத்தையோடு
எங்களுக்குப் பேச்சில்லை.

ராத்திரி முழுக்கத் தகரத்தில் மழை.
எவளோ ஒருத்தி
எடைத்தட்டிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போவதை,
காலில் செருப்பு இருந்ததா என்பதுவரை
யோசித்துக்கொண்டு கிடந்தேன்.
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
தூக்கம்தான் வந்தது.

காலையில் மாத்திரைக்கு
உதட்டை இறுக்கிக்கொண்டார்.
அம்மா படத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று
நாப்பத்தேழு வந்திருக்கேன் என்றேன்.
வாயைத் திறந்தார்.