இடது செருப்பு

என் இடது செருப்புகள் எல்லாம்
முனை தேய்ந்துதான் செத்தன.
குதிகால் பக்கம் புதுசாகவே இருக்கும்.
பாம்பன் ஐஸ் கம்பெனியில்
ஈரச் சிமெண்டில் இழுபடும் சத்தம் கேட்டதும்
லோடுமேன்கள் சொல்வார்கள்:
"அக்கா வருது, பில்லை எடு."

நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறது என்றார்
மதுரை டாக்டர்.
மூளை 'தூக்கு' என்கிறது,
பாதத்துக்கு வந்து சேர்வதில்லை.
மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்.
திரும்பும் பஸ்ஸில் ரெஜிஸ் அதை
மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தான்.
போட் மெக்கானிக்.
"வயர் இன்சுலேஷன் போச்சுன்னு சொல்லேன்,
உப்புக்காத்துல எல்லாத்துக்கும் போறதுதானே."
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை.
செருப்பில், குதிகால் அடியில், சென்சார்.
குதிகால் எழுந்தால் சின்னதாய்க் கரண்டு,
பாதம் நிமிரும்.
தாலிச்செயின் தவிர மற்றதெல்லாம்
அடகுக்கடையில் இருக்கிறது.

முதலில் தன் காலில் கட்டிப் பார்த்தான்.
பாதம் துள்ளியது.
"யம்மா, சொறி பட்ட மாதிரி!"
பிறகு தரையில் படுத்துக்கொண்டு
அவுட்போர்டு எஞ்சினைக் கேட்பது போல
என் நடையைக் கேட்டான்.
"பிந்தி வருது... இன்னும் கொஞ்சம் முந்தி... ஆங்."
பிசியோதெரபி பெண் மறுநாள் போனில் சொன்னதும்
அதே நம்பர்தான்.

குணமாகவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.
கழற்றினால் பழைய கால்.
வியர்த்தால் பட்டை வழுக்கும்.
கடற்கரை மணலில் அதற்கே புத்தி தடுமாறும்.
மே மாதம் மதியம் மூன்று மணிக்கு
எதுவும் உதவாது,
ஐஸ் அறைக்குள் போய் நிற்பதைத் தவிர.

ஞாயிறு. கோயில் வாசல்.
எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
கழற்றினால்
பூசை நடுவில் அந்தச் சத்தம்.
கழற்றாவிட்டால்
செருப்பு.
கோயில்பிள்ளை வியாகுலம்
என் பாதத்தைப் பார்த்தார்,
பட்டையைப் பார்த்தார்,
பிறகு ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

போனேன்.
நற்கருணை வரிசையில் நான் வந்தபோது
ஒரு தலையும் திரும்பவில்லை.
அது என்னவோ போலிருந்தது.
ஏழு வருஷமாக எனக்கு முன்னால்
எங்கும் போய்ச் சேர்ந்த சத்தம் அது.

பூசை முடிந்து வெளியே வந்தால்
பத்து மணி வெயிலில் காய்ந்து கிடந்த செருப்புகளில்
கால் வைத்து ஊரே துள்ளியது.
ரெஜிஸ் ஒற்றைக் காலில் குதித்தபடி
என் தோளைப் பிடித்தான்.
நான் நின்றேன்.
என் செருப்பு சுடவில்லை.