போர்டு தெரியலியா

முதல் வரி ப.
ரெண்டாம் வரி ட, ந.
மூணாவதில் க, ம, ச.
அதுக்குக் கீழே வ, ர, த, இன்னொரு ப.
கடைசி வரியை யாரும் கேட்பதில்லை.

டிப்போவில் வருசத்துக்கு ஒருநாள் கண் பரிசோதனை,
இடது மூலை கிழிந்த அதே அட்டை.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற
ஆவுடையப்பன் வாயிலிருந்து
ஒரேயொரு தடவை காதில் வாங்கினேன்.
தேவாரம் ஒரு வரி தெரியாதவன்
இதைப் பிசகில்லாமல் ஓதுவேன்.

போன ஐப்பசியில்
எதிரே வரும் லாரி விளக்குக்குப் பூனைமீசை முளைத்தது.
கண்ணாடியில் அழுக்கு என்று
வண்டி கழுவுகிறவனை ஏசினேன்.
பேப்பரை நனைத்து நானே துடைத்தேன்.
மீசை அப்படியே இருந்தது.
சேரன்மாதேவி ரயில்வே கேட்டில்
ஒரு சிவப்பு ரெண்டாகத் தொங்கியது.
ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள் உலகம்மாள்.
"எனக்கு வேற சோலி கெடக்கு."
சுகர் மாத்திரை காக்கிப் பையில்;
ஞாபகம் வந்த நாளில் ஒன்று.
அம்பை ஸ்டாண்டில் டீ, சர்க்கரை தூக்கலாக.

மாசி. பிசான அறுப்பு.
கடைசி நடையில், வீரவநல்லூர் தாண்டி
பாதி ரோட்டை நெல் பிடித்திருந்தது.
ஓரத்தில் வெள்ளையாய் என்னமோ.
வைக்கோல்தானே, ஏத்திக்கிடலாம் என்று
நான் ஒடிக்கவில்லை.
வெள்ளப்பாண்டிக்கு விசில் ஊத நேரமில்லை, கத்தினான்.
வண்டி நின்றபோது
பம்பருக்கும் அந்த வேட்டிக்கும் நடுவே
ஒரு மரக்கால் வைக்க இடம் இருந்தது.
நெல்லுக்குக் காவல் படுத்தவன் எழுந்து
கடவாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"பஸ்ஸு வந்துட்டா?"
வண்டிக்குள் சிரித்தார்கள்.
பாபநாசம் போய்ச் சேரும்வரை
கிளட்ச்மேல் என் இடதுகால் நடுங்கியது.
வெள்ளப்பாண்டி ஒன்றும் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணி முடித்துப் பையைக் கட்டிவிட்டு
என் கண்ணைப் பார்த்தான், அவ்வளவுதான்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்து
ஜங்ஷன் கண்ணாஸ்பத்திரி.
சட்டையில் பெர்சிஸ் என்று குத்தியிருந்த பிள்ளை
ஒரு கண்ணை மூடி உட்காரவைத்தாள்.
"வாசிங்க அண்ணாச்சி."
ப. ட, ந. க, ம, ச...
"நான் இன்னும் லைட்டே போடலியே அண்ணாச்சி."

போட்டாள்.
எழுத்தே இல்லாத வேறு அட்டை.
மூணு கால் நீட்டிய கம்பிகள்;
மேலயா, கீழயா, எந்தப் பக்கம், கையால் காட்டணுமாம்.
ரெண்டாம் வரியில் என் கை அந்தரத்தில் நின்றது,
சிக்னல் காட்டிவிட்டுத்
திரும்ப மறந்தவன் கை மாதிரி.

கண்ணின் பின்திரையில்
மிளகாய் விதை விதையாய் ரத்தப் பொட்டு என்றார் டாக்டர்.
லேசர் வைக்கணும்.
சுகர் இறங்கலைன்னா அதுவும் சும்மா.
"வலிச்சிருந்தா முன்னமே வந்திருப்பீரு.
இது வலிக்காது. அதான் இதுக்க சூது."
வண்டி எடுக்கக்கூடாது என்று எழுதினார்.
கையெழுத்து எனக்குத் தெரியவில்லை,
அவரே வாசித்துக் காட்டினார்.

பாவையை விரிக்க விட்ட மருந்து
வெளியே வந்த பிறகும் இறங்கவில்லை.
மத்தியான வெயில்
தெருவை மொத்தமாய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டது.
கையைப் புருவத்தில் கூரை வைத்து
ஸ்டாப்பில் நின்றேன்.
ஒரு பஸ் வந்து பெருமூச்சு விட்டது.
எஞ்சின் சத்தம் பழகின சத்தம்.
போர்டு இருக்கவேண்டிய இடத்தில்
பால் கொட்டிக் கிடந்தது.

எத்தனை பேர் என் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு
இது எங்க போவுது என்று கேட்டிருப்பார்கள்.
"கொட்ட எழுத்துல எழுதிருக்குல்லா" என்று
விழுந்து பிடுங்கியிருக்கிறேன்.

பக்கத்தில் பனங்கிழங்குக் கட்டோடு
ஒரு பொம்பளை.
"இது எங்கம்மா போவுது?"
என் காக்கிச் சட்டையை
ஏற இறங்கப் பார்த்திருப்பாள்.
"ஏன், போர்டு தெரியலியா?"
"தெரியல."

கட்டை இறக்கி வைத்துவிட்டு
அவள் எழுத்துக்கூட்டினாள்:
பா.
ப.
நா.
ச.
ம்.