ஐந்நூறு மில்லி

"காய்ச்சலா? நிறையத் தண்ணீர் குடி."
இதைச் சொல்லாத ஆள் ஜெலுத்தோங்கில் கிடையாது.
மீன் கடைக்காரர் சொன்னார்.
லிஃப்டில் வந்த பெயர் தெரியாத பையன்
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னான்.
ஏழாம் மாடி மக்சிக் ரொக்கையா
கதவுக் கம்பியில் நான்கு இளநீரை மாட்டிவிட்டு
படிக்கட்டு வரை பின்வாங்கிப் போய்
அங்கிருந்து சொன்னார்.

என் சிறுநீரகங்கள் வேலையை விட்டு நின்று
ஆறு வருடம்.
எனக்கு ஒரு நாளுக்கு ஐந்நூறு மில்லி.
கஞ்சித் தண்ணீர் அதில்தான்,
மாத்திரையை இறக்கும் மடக்கும் அதில்தான்.
போத்தலில் குமுதா மார்க்கரால் கோடு போட்டிருக்கிறாள்.
நாலு பக்கமும் கடல் உள்ள ஊர்.
நேற்றெல்லாம் மழை வேறு.

இளநீர் எனக்கு ஆகாது.
அதில் உள்ள பொட்டாசியம்
இதயத்தின் தாளத்தையே மாற்றிவிடும் என்று
எத்தனை பேரிடம் விளக்குவது?
நான்கையும் குமுதாவே குடித்தாள்.
அவளுக்கும் காய்ச்சல்.
சொல்லப்போனால் அவளுக்குத்தான் முதலில்.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸில்
மூடிய சன்னலோடு நாற்பது பேர்;
நாற்பத்தொன்றாவதாக அது ஏறி வந்தது.
அன்றே ஹாலில் பாய் விரித்துக்கொண்டாள்,
தட்டு தனி, துண்டு தனி, சன்னல்கள் திறந்தபடி.
ஆனாலும் இரண்டாம் நாள் என் முழங்கால்கள்
யாரோ திருகுவதுபோல் வலித்தன.

"ஊசி போட்டுமா வந்தது?" என்று
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அழுதாள்.
வந்தது.
ஊசி போடாத வருடம் வந்தபோது
பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.
இந்த முறை செருப்பைக் கழற்றாமல் நிற்கிறது.

திங்கட்கிழமை என் ரத்தம் கழுவும் நாள்.
போகாமல் இருக்க முடியாது, அப்படியே போகவும் கூடாது.
போன் போட்டேன்.
மிஸ்ஸி நோர்லைலா சொன்னார்:
"கடைசி ஷிஃப்டுக்கு வா. மாஸ்க் போட்டு வா.
நேரே ஓரத்து நாற்காலிக்குப் போ. பக்கத்தில் இருக்கிற
ராயப்பனுக்கு எண்பது வயசு."

மூக்கில் குச்சி விட்டார்கள்,
கண்ணீர் வந்தது, பெயரும் வந்தது:
இன்ஃபுளுவென்சா ஏ.
மற்றவர்களுக்கு மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
எனக்கு, ரத்தம் கழுவி முடிந்ததும் சின்னதாக ஒன்று.
அடுத்தது புதன்கிழமை.
உள்ளே போன மருந்து
வெளியே போக வாசல் இல்லாத வீடு நான்.
டாக்டர் கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார்.

எடை பார்த்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
மிஸ்ஸி டாக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்து
"இன்றைக்கு வியர்த்ததற்கு
நூறு மில்லி சேர்த்துக்கொள்" என்றார்.
நூறு மில்லி!
இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினேன்,
கம்பெனி ஒரு தடவைகூட இப்படி போனஸ் தந்ததில்லை.
அதை ஐஸாக்கி, ஒவ்வொரு கட்டியாக
நாக்கின் கீழ் வைத்து,
விடியும் வரை செலவழித்தேன்.

மூச்சு வாங்கினால் புதன் வரை காத்திருக்காதே,
உடனே பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள்.
என் மூச்சை அளக்க குமுதா
ஒரு வழி கண்டுபிடித்தாள்.
மணிக்கொரு தடவை கதவைத் தட்டி,
"உன் பழைய ரூட்டை
ஒரே மூச்சில் சொல்."

ஜெட்டி கொம்தார் ஜெலுத்தோங் குளுகோர்...
திங்கள் இரவு குளுகோரில் இருமல் மறித்தது.
அவள் உடனே காடியைக் கூப்பிட போனை எடுத்தாள்.
இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பச் சொன்னேன்:
குளுகோரைத் தாண்டினேன். போனை வைத்தாள்,
ஆனால் கையிலேயே வைத்திருந்தாள்.
கதவின் அடியில் அவள் பாத நிழல்
நகரவே இல்லை.

வியாழன் இரவு
ஜெட்டி கொம்தார் ஜெலுத்தோங் குளுகோர்
பாயான் பாரு பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்,
நிற்காமல் கொண்டுபோய் விட்டேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, இருமலுக்கு நடுவே:

"சுங்கை நிபோங்கை விட்டுட்டே.
அங்கே ஆள் நிப்பாங்க."