மூண்டாம் பந்து

பிரதேச செயலகத்துப் படிவத்தில்
முழுப்பெயர் என்றொரு நிரல்.
பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம்.
கீழே பேனையால் யாரோ கோடிட்டு:
பட்டப்பெயர் எழுத வேண்டாம்.

மல்லாவியில் எல்லே விளையாடும் பதினாறு பேரை
நான்கு வருடமாய்ப் புள்ளிக் கொப்பியில் பதிகிறேன்.
ஒருவரின் சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது.
போட்டோக்கொப்பிக் கடையை அரை நாள் பூட்டிவிட்டு
வீடு வீடாய்ப் போனேன்.

கரண்டுவெட்டி.
அவன் உயர்த்திய பந்து கம்பியில் பட்டு
யோகபுரம் முழுக்க இருண்டது ஒருநாள்.
அட்டையில் அவன் தெய்வேந்திரம் ஐங்கரன்.
"உது ஆர்?" என்றாள் மனைவி, சிரிக்காமல்.

லான்ட்மாஸ்ரர் புறப்பட நேரமெடுப்பான். புறப்பட்டால்
நாலாம் நிலையைத் தாண்டியும் ஓடி
வாய்க்காலுக்குள் இறங்கித்தான் நிற்பான்.
தபால் எறிகிற பந்து விலாசம் தவறாது,
ஓடுகிறவனின் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே.
பூட்டின் கையில் அகப்பட்ட பந்து
விழுந்ததாய் என் கொப்பியில் ஒரு வரியும் இல்லை.
ஒருமுறை விழுந்தது. எழுதவில்லை.
அதனால்தான் எனக்கு அழிறப்பர் என்று பெயர்.

தொறன்ரோவில் இருந்து தம்பி சொன்னான்:
இங்கேயும் எல்லே மாதிரி ஒன்று, பேஸ்போல்.
பெரிய பெரிய ஆட்கள்.
ஒருத்தன் குழந்தையாம், ஒருத்தன் இரும்புக் குதிரையாம்,
செத்து எத்தனை வருசம், இன்னும் அந்தப் பேர்தானாம்.
அங்கே ஆர் படிவம் நிரப்பினது என்று கேட்டேன்.
"அக்கா, லைன் கிளியர் இல்லை" என்றான்.

மூண்டாம் பந்து கடைசி.
முதல் இரண்டையும் காற்றுக்குக் கொடுப்பான்.
மூன்றாவதில்தான் மூங்கில் வாய் திறக்கும்.
மாட்டுக்குத் தண்ணி வைத்தபடி
அட்டையை நீட்டினான், முகம் பார்க்காமல்.
கணபதிப்பிள்ளை நிமலேந்திரன்.
நல்ல பேர் என்றேன்.
வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிறு, துணுக்காய் மைதானம்.
ஒலிபெருக்கியில் படிவத்தைப் பார்த்து வாசித்தார்கள்.
ஐங்கரன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்,
வேறு யாரும் எழும்பாததால்
அது தான்தான் என்று எழும்பினான்.
எல்லோரும் சிரித்தோம்.

கணபதிப்பிள்ளை நிமலேந்திரன்.
ஒருவரும் எழும்பவில்லை.
இரண்டாம் தரம்.
என் கதிரைக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தான்,
மண்ணைப் பார்த்து.
கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.
"உங்களைத்தான்" என்றேன்.
"தெரியும்."
பிறகு, மெதுவாய்:
"முந்தியும் ஒருக்கால் மைக்கில கூப்பிட்டவை.
முள்ளுக்கம்பிக்குள்ள.
எழும்பின பெடியளை பஸ்ஸில ஏத்தினவை.
நான் எழும்பேல்லை."

நடுவர் கையைத் தூக்கினார்.
இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால்
ஆள் இல்லை என்று எழுதவேண்டும், நான்.

கச்சான் விற்கிற பிள்ளைதான் முதலில் கத்தியது,
"மூண்டாம் பந்தண்ணை! எழும்புங்கோ!"
பிறகு மைதானத்தின் இந்தப் பக்கம் முழுக்க.
அவன் எழும்பினான்.
காற்சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு
மூங்கிலை எடுத்துக்கொண்டு போனான்.

முதல் பந்தையே அடித்தான்.
பாலை மரத்துக்கு மேலே போனது.
அண்ணாந்தோம், வெயில் கண்ணில் குத்தியது.
கீழே மாங்குளத்துப் பெடியன் ஒருவன்
இரண்டடி பின்னால் நகர்ந்து
சோத்துக் கோப்பை வாங்குவதுபோல் பிடித்தான்.

சிரித்துக்கொண்டுதான் திரும்பி வந்தான்.
"அவசரப்பட்டிட்டன், என்ன?"
தண்ணிப் போத்தலை நீட்டினேன்.
ஆட்டமிழப்பு நிரலை நிரப்பினேன்.
பெயர் நிரலில் பேனை நின்றது.
அடுத்தது லான்ட்மாஸ்ரர்.
அவனைத் தேடவேண்டும்,
வாய்க்கால் பக்கம் போனவன்.